கடை வாசலில் நிற்கும் வண்டிக்கும் டோக்கனா?

கேள்வி: தாமிரபரணிக் கரையில் ஒரு நகராட்சியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். ரத வீதியிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் வண்டி நிறுத்த நகராட்சி வாங்கும் கட்டணத்தை இந்த மாதம் முதல் மாற்றிவிட்டார்கள். முன்பு பைக்குக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய், காருக்கு 20 ரூபாய். இப்போது பைக்குக்கு நான்கு மணி நேரத்துக்கு 10. காருக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்கு 20, அதற்கு மேல் மணிக்குப் பத்துப் பத்தாக ஏறும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெண்டர் எடுத்தவரின் பையன்கள் 10 ரூபாய் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு 15 வாங்குகிறார்கள். கேட்டால், 'வண்டிய எடுத்துட்டுப் போங்க' என்று மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள். என் கடை வாசலில் நிற்கும் என் பைக்குக்கும், கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேர் வண்டிக்கும் டோக்கன் போடுகிறார்கள். டோக்கனின் பின்னால் 'வாகனத்துக்கும் பொருட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறது. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க காரில் வருகிறவர்கள் நேரே திருநெல்வேலிக்குப் போய்விடுகிறார்கள். இதை ரத்து செய்ய வழி உண்டா?

பதில்:

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை அடியோடு ரத்து செய்யக் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. கேட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓடிவிடும், அதற்குள் ஊரும் பழகிவிடும். ஆனால் பத்துக்குப் பதினைந்து வாங்குவதை நிறுத்த முடியும். கடைக்காரர்களுக்கும் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் மாதச் சீட்டு, அதாவது மாதாந்திர பார்க்கிங் பாஸ், கேட்டு வாங்கவும் முடியும். இரண்டுக்கும் ஆதாரம் ஒரே காகிதம்தான், நகர்மன்றத் தீர்மானத்தின் நகல். அது கைக்கு வருகிறவரை டோக்கன் கிழிக்கிற பையனிடம் மல்லுக்கு நின்று ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வாரச் சந்தை, கட்டணக் கழிப்பிடம், சைக்கிள் ஸ்டாண்டு என்று ஏலத்துக்குப் போகும் வருவாய் இனங்களின் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சீர் எடுக்க வரும் குடும்பம் கடையில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று வையுங்கள். குத்துவிளக்கு, குடம், அண்டா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எடை போட்டு, பெயர் வெட்டக் கொடுத்து முடிய அவ்வளவு ஆகும். பழைய கட்டணத்தில் அவர்கள் கொடுத்தது 20 ரூபாய். புதுக் கட்டணத்தில் 30. இருபதாயிரத்துக்குப் பாத்திரம் எடுக்கிறவர் பத்து ரூபாய்க்காகத் திருநெல்வேலிக்குப் போகமாட்டார். போனாலும், வாகையடி முக்கில் காரைச் சொருக இடம் தேடுவதிலேயே அந்தப் பத்து ரூபாய்க்குப் பெட்ரோல் எரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிறவருக்கோ முன்பும் 20, இப்போதும் 20. காரில் வருகிற வாடிக்கையாளருக்கு இந்த மாற்றத்தில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் பைக்கில் இருக்கிறது. காலை ஒன்பதுக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு அடைத்தால் பன்னிரண்டு மணி நேரம், அதாவது மூன்று டோக்கன், 30 ரூபாய். முன்பு 5. மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தால் ஒரு வண்டிக்கு 780 ரூபாய். உங்கள் மூன்று வண்டிக்கும் சேர்த்து 2,340. முன்பு இதே மூன்று வண்டிக்கு 390 தான். ஆறு மடங்கு! கார் கட்டணத்தை மாற்றிய கை, நாள் முழுக்க நிற்கும் பைக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடையில் சம்பளத்துக்கு நிற்கிற பையன் மாதம் 780 ரூபாயை வண்டி நிறுத்த மட்டும் எங்கிருந்து கொடுப்பான்? உங்கள் மனுவில் இந்தக் கணக்கு முதல் பத்தியில் இருக்க வேண்டும். கோபத்தை எழுதினால் 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரியில் பதில் வரும். 390 எப்படி 2,340 ஆனது என்று எழுதினால், அதற்குக் குறிப்பு எழுதாமல் கோப்பு நகராது.

கார்காரர்கள் உண்மையிலேயே குறைந்திருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு உங்கள் வீதியில் ஒரு நடை போய்ப் பாருங்கள். கடை வாசல்களை அடைத்து நிற்கிற வண்டிகளில் வாடிக்கையாளர் வண்டி எத்தனை, கடைக்காரர் வண்டி எத்தனை என்று எண்ணுங்கள். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் யாரும் வந்திருக்கமாட்டார். வீதியோ பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பஜார்களில் கார் நிற்க இடம் இல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் பஜார்காரர்களின் வண்டிதான். மணிக்கணக்கில் கட்டணம் வைப்பதன் நோக்கமே, ஒரே வண்டி ஓரிடத்தில் நாள் முழுக்கக் கிடக்காமல் அடுத்தவருக்கு இடம் கிடைப்பது. ஒழுங்காக நடத்தினால் அதில் உங்கள் வியாபாரத்துக்கு லாபம்தான்.

'எங்களிடம் கேட்கவில்லை' என்பதற்கு வருகிறேன். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் வந்த 2023-ஆம் ஆண்டு விதிகளும் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் இப்போது இந்த ஒரே குடையின் கீழ்தான். சொத்து வரியை உயர்த்தும்போது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நிறுத்தக் கட்டணத்துக்கு வீடு வீடாக வந்து கேட்கும் வழக்கம் கிடையாது. வருவாய்ப் பிரிவு குறிப்பு எழுதும், ஆணையர் கையெழுத்திடுவார், மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஒரு பொருளாக ஏறும். குடிநீர், வாறுகால், தெருவிளக்கு என்று காரசாரமாகப் பேசி முடிக்கையில் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். கடைசிப் பக்கத்தில் கிடக்கும் பார்க்கிங் பொருள் ஒரு வார்த்தை விவாதமும் இல்லாமல் 'மன்றம் அனுமதிக்கலாம்' என்று போய்விடும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கே நினைவு இருக்காது. பொருள் நிரல் அவர் வீட்டுக்கு முன்கூட்டியே வந்திருக்கும், அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கேள்வியில்தான். 'ஏன் உயர்த்தினீர்கள்? இது நியாயமா?' என்று கேட்டால், அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இப்படி:

'நகராட்சி எல்லைக்குள் வாகன நிறுத்தக் கட்டணம் மாற்றி அமைக்கப்பட்டது தொடர்பான மன்றத் தீர்மானத்தின் நகல், அப்பொருள் குறித்த அலுவலகக் குறிப்பின் நகல், வசூல் உரிமைக்கான ஏல அறிவிப்பு மற்றும் ஏல நிபந்தனைகளின் நகல், குத்தகைதாரருக்கு வழங்கப்பட்ட உத்தரவு மற்றும் ஒப்பந்தத்தின் நகல், கட்டணம் வசூலிக்க அனுமதிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் மற்றும் எல்லை விவரம் ஆகியவற்றை வழங்கக் கோருகிறேன்.'

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கடைசியில் கேட்டிருக்கிற இடங்களின் பட்டியல் மிக முக்கியம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மைதானத்துக்கு மட்டும் ஏலம் எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வீதிக்குள் நகர்ந்து டோக்கன் போடுவது நம் ஊர்களில் புதிதல்ல. பட்டியலில் உங்கள் ரத வீதியே இல்லை என்றால் அங்கே வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் சட்டவிரோத வசூல்.

அதோடு, அந்த வீதி யாருடையது என்பதையும் விசாரியுங்கள். சின்ன ஊர்களில் மெயின் பஜார் பல நேரம் நகராட்சிச் சாலையாக இருக்காது, நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருக்கும். அம்பாசமுத்திரம், தென்காசி போகிற பஸ் உங்கள் கடை வழியாகத்தான் போகிறது என்றால் அந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் நகராட்சி தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக் காசு வாங்க முடியாது. வண்டி நிறுத்தும் இடம் எது என்று தீர்மானிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின்படி மாநில அரசு அல்லது அது அதிகாரம் கொடுத்த அதிகாரியின் வேலை. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அதைச் செய்ய வேண்டும். அந்த உத்தரவு இருக்கிறதா என்று தனியாக ஒரு மனுவில் கேளுங்கள்.

இனி அந்த 15 ரூபாய். இந்தப் பிடுங்கல் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரியும். ஏலத்துக்கு நகராட்சி ஒரு குறைந்தபட்சத் தொகை நிர்ணயிக்கும். டேவணித் தொகை, அதாவது முன்வைப்புப் பணம், கட்டியவர்கள் ஏலம் கேட்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களோ, இரண்டு மைத்துனர்களோ வீம்புக்கு ஏற்றிவிட்டால் தொகை எங்கோ போய் நிற்கும். கணக்குக்காக ஏலம் ஆண்டுக்கு 7,30,000 ரூபாய்க்குப் போனது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 2,000 ஆகிறது. வசூலுக்கு மூன்று ஆள், ஆளுக்கு 500 கூலி என்றால் 1,500. விடிந்தால் 3,500 ரூபாய் வந்தே தீர வேண்டும், அதற்கு மேல்தான் எடுத்தவருக்கு ஒரு ரூபாயாவது மிஞ்சும். பத்து ரூபாய் டோக்கன் 350 கிழிய வேண்டும். அந்த இடத்துக்கு வருவதே 250 வண்டி என்றால்? பாக்கி நூறு வண்டிக் காசு வந்த வண்டிகளின் தலையில்தான் விழும். 250 வண்டிக்குப் பதினைந்து வீதம் போட்டுப் பாருங்கள், 3,750 வருகிறது. ஏலத்தில் தப்பாகக் கேட்டுவிட்டவரின் கணக்கு இப்படித்தான் நேராகிறது. டோக்கன் கிழிக்கிற பையன் தினக்கூலி, மாலையில் இவ்வளவு கொண்டுவா என்று சொன்னால் கொண்டுபோக வேண்டியவன். அவனிடம் கத்துவதை விட்டுவிட்டு, ஏலம் விட்டவரைக் கேளுங்கள்.

ஆதாரம் சேர்ப்பது இப்போது முன்பைப்போல் கஷ்டமில்லை. டோக்கனைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நகராட்சியின் பெயர், வரிசை எண், தொகை, குத்தகைதாரர் பெயர் இருக்கிறதா, நகராட்சி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி எண்ணும் நேரமும் எழுதாமல் கொடுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு மணி நேரக் கட்டணத்துக்கு, நேரம் எழுதாத டோக்கன் ஒரு டோக்கனா? பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயிலோ போன்பேயிலோ அனுப்புங்கள். டோக்கனில் 10, போனில் 15, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சாட்சியே வேண்டாம். யார் பெயருக்குப் பணம் போகிறது என்பதும் அந்த ரசீதில் வரும். குத்தகைதாரர் பெயருக்குப் போகாமல் ஏதோ ஒரு பையனின் சொந்த நம்பருக்குப் போகிறதா? அதையும் மனுவில் எழுதுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் செய்யாமல் வீதியில் பத்துக் கடைக்காரர்கள் ஒரு வாரம் இப்படிச் சேர்த்தால் போதும்.

மனு ஆணையருக்குப் போக வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். நிர்ணயித்ததற்கு மேல் வசூலித்தால் நடவடிக்கை எடுக்கவும் குத்தகையை ரத்து செய்யவும் பெரும்பாலான ஏல நிபந்தனைகளில் இடம் உண்டு. காப்புத் தொகையும் நகராட்சி கையில்தான் இருக்கும். ஒப்பந்த நகல் உங்களிடம் இருந்தால் எந்த நிபந்தனை என்று எண் போட்டே கேட்கலாம். இரண்டு வாரத்தில் அசையவில்லை என்றால் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கு அனுப்புங்கள், அந்த அலுவலகம் திருநெல்வேலியில் இருக்கிறது. திங்கள்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் நடத்தும் மக்கள் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிந்தால் மனு எண் கிடைக்கும். எங்கே கொடுத்தாலும் கடைசியில் அது அறிக்கை கேட்டு அதே ஆணையரிடம்தான் திரும்பி வரும். ஆனால் மேலிருந்து வந்த தாளுக்கு அவர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று. பணம் தராவிட்டால் சக்கரத்தில் சங்கிலி போடுவேன், அபராதம் 500 கட்டு என்று டெண்டர்காரரின் ஆட்கள் மிரட்டினால் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் நோ பார்க்கிங்குக்கு முதல் முறை 500, அடுத்த முறை 1,500 அபராதம் என்பது உண்மைதான். ஆனால் அதைப் போடும் அதிகாரம் போலீஸுக்கு. சக்கரத்தைப் பூட்டுவதற்கும் வண்டியை இழுத்துப் போவதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியின் அனுமதியைக் கேட்கிறது. குத்தகைக்காரருக்கு வாடகை வாங்கும் உரிமை உண்டு, தண்டிக்கும் உரிமை கிடையாது.

'என் கடை வாசலில் என் வண்டிக்கு ஏன் காசு' என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கிற பதிலை என்னால் தர முடியவில்லை. சொத்து வரி கட்டுகிறீர்கள், தொழில் உரிமம் வைத்திருக்கிறீர்கள், அதெல்லாம் வாசல்படிக்கு உள்ளே. படியை விட்டு இறங்கினால் பொது வீதி. கடைக்குள் போகவும் வரவும் உங்களுக்கு இருக்கும் வழியை யாரும் மறிக்கக் கூடாது. மறித்து வண்டி நிறுத்தினால், டோக்கன் போட்டிருந்தாலும் சரி, எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் நீங்கள் வண்டி நிறுத்திக்கொள்ளத் தனி உரிமை எதுவும் இல்லை. வாசலில் தொட்டியும் கல்லும் கயிறும் கட்டி இடம் பிடித்து வைப்பதும் ஆக்கிரமிப்புக் கணக்கில்தான் வரும். சரக்கு இறக்குவது வேறு. அதற்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னால் கட்டணம் இல்லாத நேரம் ஒதுக்கக் கேளுங்கள். நியாயமான கோரிக்கை, கொடுப்பதில் நகராட்சிக்கும் பெரிய இழப்பு இல்லை.

டோக்கனின் பின்னால் இருக்கும் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வாசகத்தைப் பார்த்து எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது. 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் கார் திருடு போனது. சீட்டில் சொந்தப் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறோம் என்று ஹோட்டல் வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது: ஒப்படைத்த வண்டியைக் கவனமாகப் பார்க்க வேண்டிய கடமையையும், தன் அஜாக்கிரதையால் வந்த இழப்பையும் சீட்டில் ஒரு வரி அடித்துத் தட்டிக் கழிக்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், சாதாரண மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவு கவனத்தோடு அதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் இது இரண்டு விதமாகப் பிரியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் சுற்றிலும் வேலி இருக்கிறது, ஒரே வாசல், டோக்கனைக் காட்டினால்தான் வண்டி வெளியே வரும் என்றால் அது பாதுகாப்புக்குக் கொடுத்த வண்டி. காணாமல் போனால் போலீஸில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த சேவைக் கட்டணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டோக்கனைப் பத்திரமாக வையுங்கள், வழக்கே அந்தத் துண்டுச் சீட்டில்தான் நிற்கும். ரத வீதியில் திறந்தவெளியில் நீங்களே நிறுத்தி, நீங்களே பூட்டி, நீங்களே எடுக்கிற வண்டிக்கு அந்த வாதம் அவ்வளவு பலமாக நிற்காது. இடத்துக்குத்தான் காசு வாங்கினோம் என்பார்கள். வண்டியில் மாட்டிய ஹெல்மெட் போனதற்கு வழக்குப் போட நினைக்காதீர்கள். ஸ்டாண்டுகளில் ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு வாங்கித் தனியாக அடுக்கி வைப்பார்கள், அங்கே கொடுத்துவிட்டுப் போவதே மேல்.

மனுவில் என்ன கேட்பது? நான் எழுதினால் கட்டணத்தைக் குறை என்று எழுதமாட்டேன். வர்த்தகர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் மாதச் சீட்டு, அதற்குப் பஜாரை விட்டுச் சற்றுத் தள்ளி ஓர் இடம் என்று கேட்பேன். பைக் நாள் முழுக்க நிற்பதற்கு ஓர் உச்சவரம்பு, எத்தனை மணி நேரம் ஆனாலும் 15 ரூபாய்க்கு மேல் போகாது என்பது போல. மருந்து வாங்க, பால் வாங்க நிறுத்துகிறவருக்கு முதல் அரை மணி நேரம் இலவசம். வீதியின் இரண்டு முனையிலும் நடுவிலும் எட்ட நின்று படிக்கிற எழுத்தில் கட்டணப் பலகை, அதில் புகார் சொல்ல ஒரு போன் நம்பர். தேர் ஓடுகிற நாட்களில் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே அறிவிப்பு. இவ்வளவும் ஒரு தீர்மானத் திருத்தத்தில் அடங்கிவிடும்.

கூடவே ஒரு விஷயத்தை வர்த்தகர் சங்கத்தில் பேச முடிந்தால் பேசுங்கள். பேசத் துணிச்சல் வேண்டும். உங்கள் பஜாரில் சமீபத்தில் கட்டிய பெரிய கட்டடங்கள் எத்தனை? 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அந்த அளவு வணிகக் கட்டடத்துக்கு உள்ளேயே வண்டி நிறுத்த இடம் காட்டினால்தான் வரைபடத்துக்கு அனுமதி. வரைபடத்தில் தரைக்குக் கீழ் பார்க்கிங் என்று இருக்கும். நேரில் இறங்கிப் பார்த்தால் அட்டைப்பெட்டி அடுக்கிய குடோனாக இருக்கும். நாற்பது வண்டிக்கு உள்ளே இருந்திருக்க வேண்டிய இடம் வீதிக்கு வந்துவிட்டது. அந்த வீதிக்குத்தான் இப்போது நீங்கள் டோக்கன் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நகரமைப்பு ஆய்வாளரிடம் இதைப் புகாராகக் கொடுத்தால் சங்கத்திலேயே சிலர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் கட்டணத்தை எதிர்த்து எழுதும் எல்லா மனுவையும்விட உங்கள் வீதியில் இடம் உண்டாக்குவது இதுதான்.

மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகலாமா என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கலாம். தீர்மானமே இல்லாமல் வசூலித்தால், அல்லது பட்டியலில் இல்லாத வீதியில் வசூலித்தால் தாராளமாகப் போகலாம், வழக்கு பலமாக இருக்கும். தீர்மானம் முறையாக இருந்து, தொகை கூடுதல் என்பது மட்டும்தான் குறை என்றால், வேறு காரணம் காட்டாதவரை நீதிமன்றம் பொதுவாக விலை நிர்ணயத்தில் தலையிடாது. வக்கீல் கட்டணத்தையும் மதுரைக்கு அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள். தகவல் உரிமைப் பதில் கைக்கு வந்த பிறகு அதை ஒரு வக்கீலிடம் காட்டி முடிவு செய்யுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

நேரமும் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் இது. குத்தகை பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற நிதியாண்டுக் கணக்கில் ஓடும். நடுவில் நிபந்தனையை மாற்றினால், இந்தக் கட்டணத்தை நம்பித்தான் ஏலம் கேட்டேன் என்று குத்தகைக்காரர் கோர்ட்டுக்குப் போவார், நகராட்சியும் தயங்கும். அதனால் கூடுதல் வசூல் புகாரை இப்போதே கொடுங்கள். மாதச் சீட்டு, உச்சவரம்பு கேட்கும் மனுவைக் குத்தகை முடியும் தேதியை ஒப்பந்த நகலில் பார்த்துக்கொண்டு, அதற்கு மூன்று நான்கு மாதம் முன்னால், அடுத்த ஏல அறிவிப்பு தயாராகும் முன் மன்றத்தின் மேஜைக்குப் போகிற மாதிரி கொடுங்கள். வீதியில் உள்ள கடைக்காரர்கள் அத்தனை பேர் கையெழுத்தோடு, நகலை எல்லா வார்டு உறுப்பினர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் வார்டு உறுப்பினருக்கு மட்டும் நேரில் போய்க் கொடுத்து, அந்த 390, 2,340 கணக்கை வாயாலும் ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள்.